தீவுக்கும் நமக்கும் ஒரே மழை, ஒரே விரால்

ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் நாளில் போய்ப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸை விட்டிறங்கிய பிள்ளைகள் சீருடையோடு கரையில் நிற்பார்கள். பாயும் தண்ணீரை எதிர்த்துக் கெண்டைகள் துள்ளி ஏறும். முட்டையிட மேலே போகிற இவற்றை ஏத்துமீன் என்பார்கள்.

இவற்றைக் கிளப்பிவிடும் மழைதான் இலங்கையின் வடக்கு, கிழக்குக் குளங்களையும் நிரப்புகிறது. தென்மேற்குப் பருவக்காற்றை நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது, அங்கே தீவின் நடுவிலுள்ள மலைகள். ஈரத்தை மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டுக் காற்று வறண்டு இறங்குகிறது. அதனால்தான் இரத்தினபுரி நனையும் மாதங்களில் வவுனியா காய்கிறது. நமக்கோ மாலை இடிமழையோடு சரி. அக்டோபரில் காற்று திசை மாறி, வங்கக் கடலில் தாழ்வு மண்டலங்கள் உருவான பிறகே இரு கரைக்கும் நல்ல மழை. 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைப் பக்கம் கரையேறிய புரெவி புயல், தீவைக் கடந்து மன்னார் வளைகுடாவில் தங்கித் தமிழ்நாட்டிலும் கொட்டித் தீர்த்தது.

மீன்களும் சொந்தம்தான். விரால், பனையேறிக் கெண்டை இரண்டும் அங்கேயும் உண்டு. கடலில் வாழாத விரால் தீவுக்கு எப்படிப் போனது? கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது தரை. நன்னீர் மீன்களுக்கு வழி இருந்தது. ஜிலேபி கெண்டை மட்டும் மனிதர் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன். இலங்கையிலும் இந்தியாவிலும் 1952-ல் விட்டார்கள். தாய் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிப்பதால் மளமளவென்று பெருகிவிட்டது.

விரால் வேறு மாதிரி. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கும். ஏரி வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து கிடக்கும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் மேலே மிதக்க, பெற்ற மீன்கள் கீழே காவல் இருக்கும்.

இத்தனை வைராக்கியமுள்ள மீனும் அடைபட்ட வரத்துக்காலைத் தாண்ட முடியாது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் சேர்கிறது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட அந்த ஏரி சென்னையின் குடிநீர். ஒரகடம் வரை ஆலைகளும் மனைகளும் பெருகியிருக்கும் இந்தப் பகுதியில் ஒரு கால்வாயைத் தூர்த்தாலோ, கழிவைக் கலந்தாலோ, மழை ஒரு சொட்டும் குறையாமலே ஏரி செத்துப்போகும். வரத்துக்கால்களைத் தூர்வாரிக் கரைகட்ட ஐப்பசிக்கு முன் கிடைக்கும் கோடை மாதங்களே உள்ள அவகாசம்.