மனோன்மணீயம் சுந்தரனார்

பெ. சுந்தரம் பிள்ளை (4 ஏப்ரல் 1855 – 26 ஏப்ரல் 1897) தமிழ்க் கவிஞர், நாடக ஆசிரியர், தத்துவப் பேராசிரியர், கல்வெட்டு ஆய்வாளர். 'மனோன்மணீயம்' என்னும் செய்யுள் நாடகத்தை இயற்றியதால் மனோன்மணீயம் சுந்தரனார் என்று அழைக்கப்படுகிறார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாள்தோறும் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து இந்த நாடகத்தின் பாயிரத்தில் உள்ளது. ஆயினும், வாழ்த்தைப் பாடுவோரில் நாடகத்தைப் படித்தவர்கள் மிகச் சிலரே.

பிறப்பும் கல்வியும்

சுந்தரனார் அன்றைய திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்த ஆலப்புழையில் பிறந்தார். தந்தை பெருமாள் பிள்ளை, தாய் மாடத்தி அம்மாள். 1876இல் பி.ஏ. பட்டமும், 1880இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். 1877இல் சிவகாமி அம்மாளை மணந்தார். இவர்களின் மகன் பி. எஸ். நடராச பிள்ளை விடுதலைப் போராட்ட வீரராகவும் பின்னாளில் திருவிதாங்கூர்-கொச்சி அமைச்சராகவும் விளங்கினார்.

சுந்தரனார் சில காலம் திருநெல்வேலியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை ஞானாசிரியராக ஏற்றதும் நெல்லைத் தொடர்பினால்தான். பின்னர் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியரானார். அங்கே தமக்குக் கற்பித்த பேராசிரியர் ஆர்விக்கே மனோன்மணீயத்தை உரிமையாக்கினார்.

ஆய்வுப் பணி

கவிஞர் என்பதற்கு இணையாக ஆய்வாளர் என்ற பெயரும் இவருக்கு உண்டு. திருஞானசம்பந்தர் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று கால்டுவெல் கருதியிருந்தார். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் எனச் சுந்தரனார் சான்றுகளுடன் நிறுவினார். தமிழ் இலக்கிய வரலாற்றின் காலக் கணக்கைச் சீர்செய்த முயற்சிகளில் இது முதன்மையானது. திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளை நேரில் சென்று படித்து, அந்நாட்டின் பழைய அரசர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். 'நூற்றொகை விளக்கம்' என்னும் உரைநடை நூலும் இவருடையது. அரசு இவருக்கு ராவ்பகதூர் பட்டம் வழங்கியது.

மனோன்மணீயம்

1891இல் வெளிவந்த இந்நாடகம் ஐந்து அங்கங்களையும் இருபது களங்களையும் உடையது. பெரும்பகுதி ஆசிரியப்பாவால் ஆனது. ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபு எழுதிய 'மறைவழி' என்னும் பொருள்படும் கதையிலிருந்து கரு எடுக்கப்பட்டது. எனினும் களம், மாந்தர், தத்துவம் ஆகியவை அனைத்தும் தமிழ் மண்ணுக்குரியவை.

பாண்டிய மன்னன் சீவகன் நல்லவன். ஆனால் எளிதில் நம்பிவிடுபவன். அமைச்சன் குடிலனின் சொல்லைக் கேட்டு மதுரையை விட்டு, திருநெல்வேலியில் கோட்டை கட்டிக் குடியேறுகிறான். அவன் மகள் மனோன்மணி, நேரில் பார்த்திராத சேரமன்னன் புருடோத்தமனைக் கனவில் கண்டு காதல் கொள்கிறாள். அவனும் அவ்வாறே அவளைக் கனவில் காண்கிறான். இருவருக்கும் மணம் முடிக்குமாறு சீவகனின் குரு சுந்தர முனிவர் அறிவுரை கூறுகிறார்.

குடிலனோ தன் மகன் பலதேவனையே தூது அனுப்புகிறான். பலதேவன் சேரன் அவையில் செருக்குடன் பேச, மணப்பேச்சு போரில் முடிகிறது. தோல்வியால் மனம் உடைந்த சீவகன், மகளைப் பலதேவனுக்கே மணமுடித்து, முனிவர் அமைத்த சுரங்கத்தின் வழியே பாதுகாப்பாக அனுப்பத் துணிகிறான். அந்தச் சுரங்கத்தையே குடிலன் பகைவனுக்குக் காட்டிக்கொடுக்க முயல்கிறான். புருடோத்தமன் இரண்டகனுக்கு விலங்கிட்டு, அவனையே வழிகாட்டியாக்கி மணமண்டபத்திற்கு வருகிறான். கனவில் கண்ட முகத்தை நேரில் கண்ட மனோன்மணி அவனுக்கு மாலை சூட்டுகிறாள்.

சீவகனை உயிராகவும், குடிலனை மயக்கும் மாயையாகவும், முனிவரைக் குருவருளாகவும், புருடோத்தமனை இறைவனாகவும் கொண்டு இக்கதைக்குத் தத்துவப் பொருள் காண்பதும் உண்டு. ஆனால் தத்துவம் அறியாதவருக்கும் நாடகம் ஒன்றை உணர்த்தும்: புகழ்ச்சிக்கு மயங்குபவன் நல்லவனாக இருந்தாலும் நாட்டை இழப்பான்.

நடராசன் என்னும் இளைஞன் ஒரு புல்லையும், ஓடும் வாய்க்காலையும், நாங்கூழ்ப் புழுவையும் பார்த்து வியந்து பேசும் காட்சி தனிச்சிறப்புடையது. நாங்கூழ் என்பது மண்புழு. யாரும் பாராட்டாமலே மண்ணைப் பண்படுத்தி உழவனுக்கு உதவும் அதன் உழைப்பைக் கவிஞர் போற்றுகிறார். மண்புழுக்களைப் பற்றிய டார்வினின் நூல் 1881இல், இந்நாடகத்திற்குப் பத்தாண்டு முன்னர், வெளிவந்தது என்பது ஒப்புநோக்கத்தக்கது.

இது மேடையில் நடிப்பதைவிடப் படித்துச் சுவைப்பதற்கே ஏற்ற நாடகம். 1942இல் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் இதனை 'மனோன்மணி' என்ற பெயரில் திரைப்படமாக்கியது. பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்தனர்.

பாயிரத்திலிருந்து வாழ்த்துப் பாடலாக

நூல்கள் கடவுள் வாழ்த்துடன் தொடங்குவது மரபு. சுந்தரனார் கடவுள் வாழ்த்துடன் தமிழ்த் தெய்வ வணக்கத்தையும் வைத்தார். மொழியையே தெய்வமாக்கிய அப்பகுதியைத் தமிழக அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. எம். எஸ். விசுவநாதன் மோகன இராகத்தில் இசையமைத்தார். 2021 டிசம்பரில் இது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது.

மூலப் பாடல் முழுமையாக ஏற்கப்படவில்லை. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தமிழிலிருந்து பிறந்தன என்றும், ஆரிய மொழி உலக வழக்கு அழிந்தது என்றும் கூறும் அடிகள் நீக்கப்பட்டன. பிறமொழியினர் மனம் புண்படலாகாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மூல அடிகளை நூலில்தான் காண முடியும்.

செருமானியக் கவிஞரும் நாடக ஆசிரியருமான சில்லரின் (1759–1805) வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. அவரும் கல்வி நிலையத்தில் பணியாற்றியவர். யேனா பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தார். 'வில்லியம் டெல்' உள்ளிட்ட நாடகங்களை எழுதி 45 வயதில் மறைந்தார். 1785இல் அவர் எழுதிய மகிழ்ச்சிப் பாடலுக்குப் பேத்தோவன் தம் ஒன்பதாம் சிம்பொனியில் இசை வடிவம் தந்தார். அந்த இசையே இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பண். பல மொழிகள் வழங்கும் ஒன்றியம் என்பதால் அதற்குச் சொற்கள் இல்லை. அங்கே இசை நின்று சொற்கள் விலகின. இங்கே சில அடிகள் விலகிப் பாடல் நின்றது. ஆனால் சில்லரின் நாடகங்கள் செருமானிய அரங்குகளில் இன்றும் நடிக்கப்படுகின்றன. மனோன்மணீயம் மேடை ஏறுவது அரிது.

நினைவும் தேவையும்

1990இல் திருநெல்வேலியில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரைத் தாங்கியுள்ளது. சங்கரன்கோவில், தென்காசி முதல் நாகர்கோவில் வரை உள்ள மாணவர்கள் பலரின் பட்டச் சான்றிதழில் இப்பெயர் இடம்பெறுகிறது. நாடகத்தின் கதை நிகழும் இடமும் அதே நெல்லைச் சீமைதான்.

42 வயதே வாழ்ந்த ஒருவர் ஆசிரியப் பணிக்கும் கல்வெட்டு ஆய்வுக்கும் இடையே 4,000 அடிகளுக்கு மேற்பட்ட நாடகத்தைத் தந்துள்ளார். அது இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. செய்யுள் நடை தொடக்கத்தில் கடினமாகத் தோன்றலாம். முதலில் கதைச் சுருக்கத்தை அறிந்துகொண்டு, பின்னர் நடராசன் பேசும் காட்சியையும், குடிலன் அரசனை ஏமாற்றும் காட்சிகளையும் வாய்விட்டுப் படித்தால் ஓசையே பொருளுக்கு வழிகாட்டும். வாழ்த்துப் பாடலை மனப்பாடமாக அறிந்த மாணவருக்கு, அப்பாடல் எந்த நூலின் வாசலில் நிற்கிறது என்பதும் அப்போது தெரியவரும்.