செருகுநிரலும் புதுப்பிப்பும்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கற்களில் படியும் உப்பைத் தொல்லியல் துறையினர் காகிதக்கூழ் பூசி உறிஞ்சி எடுக்கின்றனர். ஒருமுறை செய்து முடித்துவிடும் பணியன்று அது, கடற்காற்று ஓய்வதில்லை. அவ்வூர் விடுதிகள் நடத்தும் இணையதளங்களுக்கும் இடையறாப் பராமரிப்பு வேண்டும். அத்தளங்களில் முன்பதிவுப் படிவம், படத்தொகுப்பு போன்ற வசதிகளைச் சேர்க்கும் சிறு மென்பொருள்களே செருகுநிரல்கள்.

இவற்றின் புதுப்பிப்புகளை எவ்வளவு காலத்திற்கு ஒருமுறை வெளியிடலாம்? புதிய வசதிகளைத் தொகுத்து, நன்கு சோதித்துச் சில திங்களுக்கு ஒருமுறை தந்தால் போதும். நாள்தோறும் வந்தால் தளத்தார் சலித்துப் புறக்கணிப்பர். பாதுகாப்புக் குறைக்கோ நாள் பார்த்தல் ஆகாது. ஏறத்தாழ 7 இலட்சம் வேர்ட்பிரஸ் தளங்களில் இயங்கிய ‘ஃபைல் மேனேஜர்’ செருகுநிரலின் குறை 2020 செப்டம்பர் 1 அன்று தெரியவந்தது. திருத்தப்பட்ட பதிப்பு அன்றே வெளியாயிற்று. அதனை நிறுவக் காலந்தாழ்த்தியோரின் தளங்கள்மீது தாக்குதல் தொடர்ந்தது.