கல்லாவில் விழும் பழைய காசு

செம்மேட்டுக் கடையானாலும் சேந்தமங்கலம் மண்டியானாலும், இரவில் கல்லாவை எண்ணும்போது பழைய காசு ஒன்று அவ்வப்போது கையில் சிக்குவதுண்டு. டப்பாவில் போட்டு வைக்கும் உறுப்பினர்கள் நம்மில் பலர். டப்பா நிறைவது வேறு, சேகரிப்பு வேறு.

சேகரிப்பில் முனைவோர் முதலில் ஒரே ஒரு வரிசையை எடுத்துக்கொள்ள வேண்டும். 1957 முதல் 1964 வரை வந்த நயா பைசா ஒரு வரிசை. ஒரு ரூபாய்க் காசை ஆண்டுவாரியாகவும் அச்சிட்ட சாலைவாரியாகவும் சேர்ப்பது இன்னொன்று. நமக்கு இதுவே எளிது, செலவும் முகமதிப்புதான். ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லையென்றால் கல்கத்தா.

காசைப் புளி, சாம்பல், எலுமிச்சை போட்டுத் தேய்க்கவே கூடாது. பித்தளைப் பாத்திரத்திற்குச் சரி; காசிற்கு அது கேடு. நம் மலையின் பெயரே இதற்குச் சான்று. ‘கொல்லிப்புறை’, ‘கொல்லிரும்பொறை’ எனத் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த சங்ககாலச் சேரர் காசுகள் கரூரில் கிடைத்துள்ளன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். அந்தச் சில எழுத்துகள் இல்லையேல் அவை வெறும் செம்புத் துண்டுகளே. மங்கலாகத் தெரியும் எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டால் திரும்ப வராது. விளிம்பைப் பிடித்தே எடுங்கள். பொட்டலம் கட்டும் ரப்பர் பேண்டு வெள்ளியைக் கறுக்க வைக்கும். பிவிசி உறையில் நாளடைவில் பச்சை படியும். காகித உறையில் தனித்தனியே போட்டு, கிடைத்த இடத்தையும் நாளையும் மேலே எழுதி வையுங்கள்.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால் கதை வேறு. பத்து ரூபாய் மதிப்பிற்கு மேற்பட்ட புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த காசை வாங்கி விற்கும் தொழிலுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை.

‘உங்கள் பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம்’ என்று தொலைபேசியில் அழைப்பவர்கள் முதலில் கமிஷன், வரி என்று உங்களிடமே பணம் கேட்பார்கள். தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அவ்வங்கி இதில் ஈடுபடுவதில்லை, எவருக்கும் அதிகாரம் தரவுமில்லை. 2011 ஜூன் 30 முதல் செல்லாமற்போன நாலணாவும் ஏராளமாக அச்சிடப்பட்டதுதான். அதற்கு லட்சம் தர எவருக்கும் அவசியமில்லை. விற்பதாயின் காசை நேரில் காட்டி, பணத்தை எண்ணி வாங்கிய பிறகே கொடுங்கள்.