மழைப் பாட்டு என்றால் எந்த மழை?

கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. எண்பதுகளில் மதுரையில் சந்துக்குச் சந்து இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில் ஒன்று என்னுடையது. கடையை மூடி வெகுகாலம் ஆயிற்று. வேலை மட்டும் விடவில்லை. சொந்தக்காரப் பிள்ளைகள், பழைய வாடிக்கையாளர்கள், தெரிந்த கல்யாண மண்டபக்காரர் என்று யாராவது போனை நீட்டி, "அண்ணே, ஒரு பிளேலிஸ்ட் போட்டுக் குடுங்க" என்பார்கள். அதிலேயே ஆயிரம் பிளேலிஸ்ட் கிடக்கிறதே என்றால், "கிடக்குதுண்ணே, ஒண்ணும் சேர்ந்து வரலை" என்பார்கள்.

சேர்ந்து வருவது என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது கேசட்டின் நீளம். சி-60 கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். சினிமாப் பாட்டு சராசரியாக நாலரை நிமிடம் என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு ஆறோ ஏழோதான் கொள்ளும். சி-90-இல் நாற்பத்தைந்து நிமிடம் கிடைக்கும். ஆனால் டேப் மெலிசு, பஸ் டெக்கில் சீக்கிரம் சுற்றிக்கொள்ளும். அதனால் டிரைவர்களுக்கு நான் சி-60தான் போடுவேன். வாடிக்கையாளர் அரைத்தாளில் இருபது பாட்டு எழுதி வருவார். எட்டு பாட்டை வெட்டியாக வேண்டும். எதை வெட்டுவது என்று பேசும்போதுதான் அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது வெளியே வரும்.

தலைப்பு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. 'மழைப் பாட்டு' என்று ஒருவர் கேட்டால், எந்த மழை என்று நான் திருப்பிக் கேட்பேன். போனில் மழை என்று தேடினால் ரோஜா (1992) படத்துப் 'புது வெள்ளை மழை' வந்து நிற்கும். அது பனிக்கட்டிக்கு நடுவே எடுத்த பாட்டு. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மௌன ராகத்தில் (1986) ரேவதி கொட்டுகிற மழையில் ஆடும் 'ஓஹோ மேகம் வந்ததோ' அந்தத் தேடலில் சிக்காமல் போகலாம். ராஜபார்வை (1981) 'அந்தி மழை பொழிகிறது' பெயரிலேயே மழையை வைத்திருக்கிறது, ஆனால் அதைக் கேட்டுக் குடையைத் தேடுகிறவர் யாருமில்லை, முழுக்கக் காதல். ஆகவே, நனைந்து ஆடுகிற மழைக்கு ஒரு பட்டியல், ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பார்க்கிற மழைக்கு ஒன்று. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

கல்யாணப் பாட்டில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு அந்த நாளில் எழுதாத சட்டமே உண்டு: முதலில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, பெண் வந்து இறங்கும்போது சாரதா (1962) படத்து 'மணமகளே மருமகளே', நலங்கு வேளையில் பாசமலரின் (1961) 'வாராயென் தோழி'. நேரம் தெரிந்த வரிசை அது. ரிசப்ஷனில் இசைக்குழு வந்த பிறகுதான் கதை மாறியது. 'மன்றம் வந்த தென்றலுக்கு' இல்லாத ரிசப்ஷனை நான் அதிகம் பார்த்ததில்லை. மௌன ராகம் படத்தில் அது விவாகரத்துக் கேட்ட மனைவியை நினைத்துப் புருஷன் பாடுவது. புது மாப்பிள்ளை மாலையோடு நிற்கும்போது அது ஓடினால் எனக்கு மட்டும் வயிற்றைப் பிசையும். மெட்டு நன்றாயிருக்கிறது, அர்த்தம் யார் பார்க்கிறார்கள் என்று மண்டபக்காரர் சிரிப்பார். நான் போடும் பட்டியலில் அது வராது.

அடுத்தது வரிசை. பாயசத்துக்கு மேல் பாயசம் ஊற்றினால் இரண்டாவது டம்ளர் இனிக்காது. ஒரே குரல் இரண்டு முறைக்கு மேல் தொடர்ந்து வரக்கூடாது, மூன்றாவதாக எஸ்.பி.பி.யே வந்தாலும் காது அவரைக் கவனிக்காது. முடிகிற பாட்டின் கடைசிப் பத்து விநாடியும் தொடங்குகிற பாட்டின் முதல் பத்து விநாடியும்தான் நான் அதிகம் கேட்கிற பகுதி. பயணங்கள் முடிவதில்லை (1982) படத்து 'இளைய நிலா' கிட்டாரோடு தொடங்குகிறது. அதற்கு முன்னால் உருமியும் தவிலும் அதிர முடிகிற பாட்டை வைத்தால் அந்தக் கிட்டார் செத்துப் போகும். இரவு பஸ் டிரைவர் ஒருவர், "மெலடி வேணும்ணே, ஆனா தூக்கம் வரக்கூடாது" என்பார். அவருக்கு இரண்டு மெல்லிசைக்கு ஒரு துள்ளல் என்று அடுக்கிக் கொடுப்பேன். கேட்க எளிதாக இருக்கும். அந்தத் துள்ளலைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும்.

இப்போது கவர் வெர்ஷனுக்கு வருவோம். வேறொருவர் பாடிப் பதிந்த பாட்டை இன்னொருவர் புதிதாகப் பாடிப் பதிவதுதான் கவர். பழைய பாட்டைப் புதிய தாளத்தோடு மறுபடி படத்தில் வைப்பதை நம் ஊரில் ரீமிக்ஸ் என்கிறோம். படகோட்டியின் (1964) 'தொட்டால் பூ மலரும்' நியூ (2004) படத்திலும், சொர்க்கத்தின் (1970) 'பொன்மகள் வந்தாள்' அழகிய தமிழ் மகன் (2007) படத்திலும் ரஹ்மான் கையால் இப்படித் திரும்பி வந்தன. பில்லாவின் (1980) 'மை நேம் இஸ் பில்லா' 2007-இல் யுவன் இசையில் வந்தது.

பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து வைப்பதுதான் எல்லோரும் செய்வது. எனக்கு அது பிடிக்காது. கேட்கிறவர் உடனே நீதிபதியாகி, எது ஒசத்தி என்று தீர்ப்பு எழுத உட்கார்ந்துவிடுவார். பாட்டு காதில் ஏறாது. காலேஜ் பிள்ளைகளுக்கான பட்டியல் என்றால் ரீமிக்ஸை முதலில் வைத்து, நாலைந்து பாட்டுத் தள்ளி டி.எம்.எஸ். பாடிய மூலத்தை வைப்பேன். "இதை எங்கியோ கேட்டமே" என்று தலை நிமிர்வார்கள். பெரியவர்களுக்கான பட்டியலில் ரீமிக்ஸே வேண்டாம்.

ஒரே மெட்டை வைத்தே ஒரு பட்டியல் போடவும் முடியும். இளையராஜாவின் ஒரு மெட்டு 1982-இல் ஓளங்கள் என்ற மலையாளப் படத்தில் 'தும்பி வா' என்று ஜானகி பாட வந்தது. அதே ஆண்டு ஆட்டோ ராஜாவில் 'சங்கத்தில் பாடாத கவிதை' ஆயிற்று. அந்தப் படத்துக்கு இசை சங்கர்-கணேஷ். இந்த ஒரு பாட்டு மட்டும் ராஜாவுடையது, பாடியவர்களிலும் அவர் ஒருவர். 2009-இல் பா என்ற இந்திப் படத்தில் அதே மெட்டைப் பாடியவர்களில் ஒருவர் அவர் மகள் பவதாரிணி. மூன்றையும் அடுத்தடுத்து வைத்தாலும் அலுக்கவில்லை, மொழியும் வாத்தியமும் குரலும் ஒவ்வொரு முறையும் மாறிவிடுகின்றன. என் விதியை நானே மீறும் இடம் இது ஒன்றுதான்.

வீட்டில் கவர் பாடி வெளியிடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சேதி. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தில் கவர் வெர்ஷனுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அந்த வழியில் போவதானால், மூலப்பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டு ஆகியிருக்க வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து ராயல்டியும் கட்ட வேண்டும். அட்டையில் கவர் வெர்ஷன் என்று போட வேண்டும். மூலத்தைப் பாடியவரின் பெயரோ படமோ வரக்கூடாது. எண்பதுகளில் இந்திப் பாட்டுகளுக்குக் கவர் கேசட்டுகள் குவிந்து, பெட்டியைப் பார்த்து முகேஷ் என்றும் ரஃபி என்றும் நம்பி வாங்கியவர்கள் வீட்டில் போட்டுப் பார்த்துத் திட்டிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. கடைசி விதி யாருக்காக என்று எனக்குச் சட்டம் படிக்காமலே புரிகிறது.

பட்டியல் போட்டு முடித்ததும் போனை அப்படியே கொடுப்பதில்லை. பாட்டைக் கலைத்துப் போடும் ஷஃபிளையும், பட்டியல் முடிந்ததும் தானாக எதையாவது ஓட்டுகிற ஆட்டோபிளேயையும் அணைப்பேன். மண்டபக்காரர் அடுத்த வாரமே இரண்டையும் போட்டுவிட்டு, "பாட்டு சரியா வரலண்ணே" என்று வந்து நிற்பார்.