எண்ணத் தெரிந்தவனுக்கு இடமில்லை!

குற்றால சீசன். மெயின் அருவியில் தண்ணீர் எக்கச்சக்கம். போலீஸ் விசில் ஊதி, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். தடை என்றால் எங்கள் தென்காசி ஆபீஸ் கோஷ்டிக்கு லாட்ஜ் அறை, ஜமுக்காளம், சீட்டுக்கட்டு!

பார்டர் பரோட்டாவை முடித்துவிட்டு நானும் உட்காரப் போனேன்.

"நீ வேண்டாம்லே... சும்மா பாத்துக்கிட்டு இரு!"

என் குற்றம் இதுதான். ரம்மியில் யார் எந்தச் சீட்டைக் கீழே போட்டார்கள் என்று மறக்காது. பி.காம். படித்த பாவம்! 1967-ல் சுப்ரீம் கோர்ட், ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொன்னதற்கு ஒரு காரணமே, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும் என்பதுதான். கோர்ட்டுக்குப் பிடித்தது கோஷ்டிக்குப் பிடிக்கவில்லை.

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி மட்டும் பக்கத்தில் வந்தான். "அண்ணே, இந்த மண்டையோட கோவா காசினோ போனா என்ன? அக்கா கல்யாணத்துக்குப் போட்ட சீட்டு, 60,000 கையில வருது. லாபத்துல பாதிப் பாதி!"

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை சார், பஸ் நேரம் வரை விசாரித்து வைத்திருந்தான்.

உட்கார வைத்துச் சொன்னேன். அமெரிக்காவில் எட்வர்ட் தார்ப் என்ற கணக்கு வாத்தியார். பிளாக்ஜாக் ஆட்டத்தில், 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டும். சின்னச் சீட்டுகள் நிறைய வெளியேறிவிட்டால், மிச்சத்தில் பத்துகளும் ஏஸ்களும் அதிகம். அது ஆடுபவனுக்கு அனுகூலம். அப்போது பந்தயத்தை ஏற்று என்று 1962-ல் புத்தகமே போட்டுவிட்டார். பதறிப்போன லாஸ் வேகாஸ் முதலாளிகள் 1964-ல் ஆட்ட விதிகளையே இறுக்கினார்கள். வாடிக்கையாளர்கள் மேஜைப் பக்கமே வரவில்லை. சில வாரங்களில் பழைய விதியே திரும்ப வந்தது!

பிறகுதான் சாமர்த்தியம் பிடிபட்டது. சட்டத்தை மாற்றாதே, ஆளைக் கவனி. பத்து டாலர் கட்டினவன் திடீரென்று இருநூறு கட்டுகிறானா? மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். தோளில் ஒரு கை விழும். "சார், வேற எந்த ஆட்டம் வேணாலும் ஆடுங்க. இது மட்டும் வேண்டாம்." மரியாதையாகத்தான் சொல்வார்கள். கிரிஃபின் என்ற துப்பறியும் நிறுவனம், எண்ணுபவர்களின் போட்டோக்களைத் தொகுத்துக் காசினோக்களுக்குக் கொடுத்த காலமும் உண்டு.

கென் யூஸ்டன் என்பவர் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார். எண்ணுகிறான் என்பதற்காகக் காசினோ தன்னிஷ்டத்துக்கு ஆளைத் துரத்தக் கூடாது என்று 1982-ல் நியூ ஜெர்சி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆளைத் துரத்த முடியாதா? சரி, ஆறு கட்டு, எட்டுக் கட்டு சேர்த்துப் போடு. பாதியிலேயே கலைத்துவிடு. விழுந்த சீட்டை உடனே கலைத்துக்கொண்டே இருக்கும் மெஷினும் வந்துவிட்டது. எதை எண்ணுவது?

"ஆனா ஜெயிக்கலாம்லா?" என்றான் தம்பி.

பேப்பரில் போட்டுக் காட்டினேன். எல்லாம் சரியாக எண்ணினாலே அனுகூலம் நூற்றுக்குச் சுமார் ஒரு ரூபாய். அறுபதாயிரத்துக்கும் பந்தயம் கட்டி முடித்தால் சராசரி லாபம் 600 ரூபாய். கோவா போய்வர டிக்கெட் செலவுக்கே பத்தாது! அதுவும் சராசரிதான். நடுவில் அதிர்ஷ்டம் நாலு மணி நேரம் முகம் திருப்பினால் மொத்தமும் மாண்டவி ஆற்றோடு போய்விடும். அதிர்ஷ்டத்தை நம்பி வருகிறவனுக்குக் காசினோவில் ராஜ உபசாரம். கணக்கோடு வருகிறவனுக்குத்தான் வாசல்.

பையன் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். புரிந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் தடை நீங்கியது. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, அந்தக் கலைக்கிற மெஷின் இல்லாத கப்பல் ஒண்ணாவது இருக்கும்ல?"

அவன் அக்கா நம்பர் யாரிடம் கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.