கனத்த குழல்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

வீட்டில் ஒரு பொருள் உபரியாகக் கிடக்கிறது. விற்றால் கொஞ்சம் காசு. வைத்திருந்தால் என்றாவது பயன். எதைச் செய்வது? இந்தக் கேள்வி எங்கள் கிணற்றடியில் எழுந்தது. விடை தேட உதவியதோ கடல்கடந்த நாட்டின் துப்பாக்கிக் குழல்!

அமெரிக்காவில் இலக்குச் சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர். ஒரு குழலைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தும்போது, சிலரிடம் கனத்த குழல் ஒன்று மிஞ்சிவிடும். அந்நாட்டு மத்திய அரசின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, துப்பாக்கியின் உடற்பகுதியே ஆயுதம், தனிக்குழல் ஆயுதமன்று. நம் நாட்டிலோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதமாகவே கொள்கிறது. நமக்கு என்.சி.சி. முகாமில் .22 துப்பாக்கியைத் தொடுவதோடு சரி.

குழல் ஏன் கனமாக இருக்க வேண்டும்? குண்டு பாயும்போது குழல் அதிர்கிறது. அதிர்வு குறைய விறைப்பு வேண்டும். ஒரே நீளமும் 7.8 மி.மீ. உள்விட்டமும் கொண்ட இரு எஃகுக் குழல்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றின் வெளிவிட்டம் 16 மி.மீ.; மற்றதன் வெளிவிட்டம் 23 மி.மீ. எடை விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விறைப்போ நான்மடியைப் பொறுத்தது. கணக்கிட்டால், தடித்த குழலின் எடை சுமார் 2.4 மடங்கு, விறைப்பு சுமார் 4.5 மடங்கு! நிறை மிகுதியால் அது மெதுவாகவே சூடேறும்; பின்னுதைப்பும் குறையும்.

ஆனால் குறையும் உண்டு. புறப்பரப்பு சுமார் 1.4 மடங்கே என்பதால், சூடேறியபின் ஆறுவதற்கும் நேரமாகும். மலையேறி வேட்டையாடுபவருக்கு அது வெறும் சுமை.

ஆகவே அதை வைத்திருப்பவர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். என் வேலைக்கு இது பொருந்துமா? பொருத்த என்ன செலவாகும்? மரையும் அறையளவும் ஒத்துவர, கைதேர்ந்த தொழிலாளியும் கடைசல் இயந்திரமும் தேவைப்படலாம். மூன்றாவது, இப்போதுள்ளது தேய்ந்தால் என்ன செய்வேன்? ஒவ்வொரு வேட்டிலும் சூடான வாயு குழலின் உட்புறத்தை அரிக்கிறது. குழல் தேயும் பொருள். நிறையச் சுடுபவருக்கு உபரிக் குழல் உபரியே அன்று; நாளைய தேவை. எப்போதாவது சுடுபவர், அது துருப்பிடிக்குமுன் விற்றுவிடுவதே நல்லது.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய ஆயில் எஞ்சின். கரண்டு மோட்டார் வந்தபின் சும்மா நிற்கிறது. பழைய இரும்பு வியாபாரி எடைக்குக் கேட்டார். அந்தப் பணம் என் விடுதிக் கட்டணத்துக்கு ஆகும். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த என் தந்தை, "நீ படிக்கிறவன், நீயே சொல்லுப்பா" என்றார். எங்கள் வீட்டில் என்னிடம் யோசனை கேட்டது அதுவே முதல் தடவை.

அதே மூன்று கேள்விகளையும் கேட்டேன். எஞ்சின் இன்னும் ஓடுகிறது, பொருந்தும். புது பெல்ட் ஒன்றே செலவு. மூன்றாவது கேள்விக்கு விடை போன கோடையிலேயே கிடைத்திருந்தது. மோட்டார் காயில் கருகி, சரிசெய்து வர ஆறு நாளாயிற்று. அன்று பெல்ட் இல்லாததால் எஞ்சினையும் ஓட்ட முடியவில்லை. நிலக்கடலை எங்கள் கண்ணெதிரே வாடியது. மேலும், இரும்பின் எடை ஓராண்டில் குறைந்துவிடாது. அடுத்த ஆண்டும் விற்கலாம். விற்றபின் அதை மீட்க முடியாது.

"வைத்துக்கொள்வோம்" என்றேன். விடுமுறையில் அரிசி ஆலையில் கணக்கு எழுதி, விடுதிக் கட்டணத்தை நானே சேர்த்தேன்.

இவ்வாண்டு மோட்டார் இதுவரை பழுதாகவில்லை. ஆகவே நான் சொன்னது சரியா என்பது இன்னும் தேறவில்லை. ஆயினும் தந்தை புது பெல்ட் வாங்கிவிட்டார். வாரம் ஒருமுறை எஞ்சினுக்கு எண்ணெயும் விடுகிறார்.