தாடைச் சீரமைப்பு: கம்பி போடும் முன்பே முடிவெடுக்கவேண்டும்

மீ கோரேங் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சிலர் படும் சிரமத்தைப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்கள் கவனித்திருக்கமாட்டார்கள். மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் ஒன்றையொன்று தொடாததால், மீயைக் கடித்துத் துண்டிக்க அவர்களால் முடியாது. கரண்டியால் வெட்டித்தான் சாப்பிடவேண்டும். வேறு சிலருக்குக் கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கும். இன்னும் சிலருக்கு அது உள்ளடங்கி, மோவாயே இல்லாததுபோல் தோன்றும். குடும்பப் படம் எடுக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்பவர்களில் இவர்களும் உண்டு.

பற்கள் மட்டும் கோணலாக இருந்தால் கம்பி போட்டுச் சரிசெய்துவிடலாம். பற்களைத் தாங்கி நிற்கும் தாடை எலும்புகளின் அளவோ இடமோ பொருந்தாவிட்டால் கம்பி மட்டும் போதாமல் போகலாம். சுவரே சாய்ந்திருக்கும்போது சன்னலை மட்டும் நேராக்கி என்ன பயன்? அத்தகையவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதுதான் தாடைச் சீரமைப்பு அறுவை சிகிச்சை. மருத்துவமனைகளில் இதனை ‘ஆர்த்தோக்னாத்திக் சர்ஜரி’ என்பார்கள்.

இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பலரிடமும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ‘முதலில் கம்பி போட்டுப் பார்ப்போம், ஆபரேஷனைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்’ என்று நினைக்கிறார்கள். உண்மையில், கம்பி போடும் நாளிலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

யாருக்குத் தேவை?

‘அழகுக்காகத்தானே இதெல்லாம்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். முகத்தோற்றம் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணமன்று. உணவைச் சரியாக மெல்ல முடியாமை, சில ஒலிகளை உச்சரிப்பதில் தடுமாற்றம், ஒரே இடத்தில் உரசிப் பற்கள் தேய்வது, கீழ்ப்பற்கள் மேலண்ணத்தைக் குத்திப் புண்ணாக்குவது போன்ற தொல்லைகளும் உண்டு. தாடை உள்ளடங்கியவர்களில் சிலருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும். தாடைகளை முன்னே நகர்த்துவதால் அவர்களின் மூச்சுப்பாதை விரிவடைகிறது. பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளவுபட்டவர்களுக்கும் இச்சிகிச்சை தேவைப்படலாம்.

எலும்பு வளர்ச்சி முடிந்த பிறகே பொதுவாக இதைச் செய்வார்கள். பெண்களுக்கு 16, 17 வயதுக்குப் பிறகும் ஆண்களுக்கு 18 வயதுக்குப் பிறகும் என்பது பொதுவான கணக்கு. நீண்ட கீழ்த்தாடையை அவசரப்பட்டு முன்னதாகவே சரிசெய்தால், அது மீண்டும் வளர்ந்து பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடலாம். தேசிய சேவைக்குச் செல்லவிருக்கும் இளையர்கள், கம்பி போடும் காலத்தையும் அறுவை சிகிச்சைக்குப் பிந்திய ஓய்வையும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசித் திட்டமிட்டுக்கொள்வது நல்லது.

கம்பிதான் முதல் படி

தாடைகள் பொருந்தாதபோது, பற்கள் தாமாகவே சாய்ந்து அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. கீழ்த்தாடை நீண்டவர்களுக்குக் கீழ் முன்பற்கள் உள்நோக்கியும் மேல் முன்பற்கள் வெளிநோக்கியும் சாய்ந்திருக்கும். அறுவை சிகிச்சைக்குத் தயார்செய்யும்போது, பல் சீரமைப்பு நிபுணர் இந்தச் சாய்வை நீக்கி, ஒவ்வொரு பல்லையும் அதனதன் எலும்பில் நேராக நிறுத்துகிறார். பொதுவாக இதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு பிடிக்கும்.

இதன் விளைவு என்ன? ஈடுகட்டிக்கொண்டிருந்த சாய்வு போனதும் தாடையின் உண்மையான வேறுபாடு வெளியே தெரியும். கடி முன்பைவிட மோசமாகும், மோவாய் இன்னும் நீண்டதுபோல் தோன்றும். வேலைக்குப் போகும் மகள் ஓராண்டாகக் கம்பி போட்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். திருமணப் பேச்சு தொடங்கும் நேரம். ‘இருந்ததும் கெட்டுப்போச்சே, போதும்மா, கம்பியைக் கழற்றிடு’ என்று தாயார் பதறுவது இயல்புதான். ஆனால் அந்தக் கட்டத்தில் நிறுத்தினால், தொடங்கியபோது இருந்ததைவிட மோசமான கடியுடன் மகள் நிற்கவேண்டிவரும்.

அறுவை சிகிச்சை இல்லாமல், கம்பியால் மட்டும் குறையை மறைக்கும் வழியும் உண்டு. வேறுபாடு சிறியதாக இருந்தால் அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் அந்த வழியில் பற்களை இன்னும் சாய்க்கிறார்கள், அறுவை சிகிச்சைக்கான வழியிலோ சாய்வை நீக்குகிறார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்லும் சாலைகள். எந்தப் பல்லைப் பிடுங்குவது என்பதுகூட இரண்டுக்கும் மாறுபடலாம். பாதி வழியில் மனம் மாறினால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும், பிடுங்கிய பல் திரும்ப வராது. ஆகவேதான் முடிவு முன்கூட்டியே வேண்டும் என்பது. சிலருக்கு அறுவை சிகிச்சையை முதலில் செய்து, கம்பியைப் பிறகு போடும் முறையும் இப்போது கையாளப்படுகிறது. அது எல்லாருக்கும் பொருந்தாது.

அறுவைக் கூடத்தில்

கீழ்த்தாடையின் இரு பக்கங்களையும் நீளவாக்கில் பிளந்து நகர்த்தும் முறையை ஹியூகோ ஒப்வேகேசர் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் உருவாக்கினார். 1957ஆம் ஆண்டில் அது மருத்துவ உலகுக்கு விரிவாக அறிமுகமானது. இன்றும் அதன் மேம்பட்ட வடிவமே பரவலாகப் பின்பற்றப்படுகிறது. வெட்டு வாய்க்குள்ளேயே போடப்படுவதால் முகத்தில் பெரும்பாலும் தழும்பு இராது. சிலருக்கு மட்டும் கன்னத்தில் சிறு துளை இடவேண்டியிருக்கும். மேல்தாடையை நகர்த்தவும் மோவாயைத் திருத்தவும் தனித்தனி முறைகள் உள்ளன. தேவைப்பட்டால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வார்கள். எவ்வளவு நகர்த்தவேண்டும் என்பதை ஸ்கேன் படங்களைக் கொண்டு கணினியில் முன்னதாகவே திட்டமிடுகிறார்கள்.

முழு மயக்க மருந்து கொடுக்கப்படும். நகர்த்திய எலும்பை டைட்டேனியத் தகடுகளும் திருகுகளும் பிடித்துக்கொள்ளும். தொல்லை தராதவரை அவற்றை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். முன்பெல்லாம் வாயையே வாரக்கணக்கில் கம்பியால் கட்டிவைத்தார்கள். இப்போது பெரும்பாலோருக்கு ரப்பர் வளையங்களே போதுமானவை.

மரத்துப்போகும் உதடு

மறைக்காமல் பேசவேண்டிய செய்தி இது. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் தொடு உணர்வைத் தருவது அதுதான். எலும்பைப் பிளக்கும்போது அந்த நரம்பு இழுபடவோ நசுங்கவோ கூடும். எனவே கீழ்த்தாடை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலோருக்கு உதடு மரத்திருக்கும். பல் மருத்துவர் ஊசி போட்டபின் இருப்பதுபோன்ற உணர்வு. வாரங்களிலோ மாதங்களிலோ அது படிப்படியாகத் திரும்பும். சிலருக்கு ஓரளவு மரத்துப்போன உணர்வு நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது. வயது கூடக் கூட அதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

‘வாய் கோணிவிடுமா?’ என்று பலரும் அஞ்சுகிறார்கள். இந்த நரம்பு உணர்வுக்கானது, அசைவுக்கானதன்று. முகத்தை அசைக்கும் நரம்பு பாதிக்கப்படுவது மிக அரிது. இருந்தாலும் நாதஸ்வரம், புல்லாங்குழல் வாசிப்பவர்களும், உதட்டின் நுண்ணுணர்வை நம்பித் தொழில் செய்பவர்களும் இதனை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

இரத்தக்கசிவு, கிருமித்தொற்று, நகர்த்திய எலும்பு ஓரளவு பின்வாங்குவது, மறு அறுவை தேவைப்படுவது ஆகியவையும் நேரக்கூடியவையே. மேல்தாடையை நகர்த்தினால் மூக்கின் வடிவமும் சற்று மாறலாம். புகைபிடிப்பவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும்.

முதல் ஆறு வாரம்

இரண்டு மூன்று நாளில் வீக்கம் உச்சத்தை எட்டும். கண்ணாடியில் தெரியும் முகம் யாருடையது என்றே தோன்றும். அந்த நாள்களில் ‘ஏன்தான் செய்துகொண்டோமோ’ என்று மனம் சோர்வது பலருக்கும் நேர்வது. வீக்கத்தின் பெரும்பகுதி சில வாரங்களில் வடிந்தாலும், முகம் முழுமையாக அமையப் பல மாதங்கள் ஆகும். ஆகவே ‘முன்னைக்கு இப்ப எப்படி இருக்கு தெரியுமா?’ என்று உறவினர்கள் முதல் மாதத்திலேயே தீர்ப்புச் சொல்லாதிருப்பது பெரிய உதவி.

தொடக்கத்தில் நீராகாரம்தான். மைலோ, வடிகட்டிய ரசம், மிக்ஸியில் அரைத்த கஞ்சி எனக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கவேண்டும். உடல் எடை குறையும் என்பதால் பால், பருப்பு போன்ற புரதச்சத்துள்ள உணவு அவசியம். எலும்பு கூட ஏறக்குறைய ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை முறுக்கும் வறுத்த கோழியும் கனவில் மட்டும்தான். மேல்தாடை அறுவை செய்தவர்கள் சில வாரங்களுக்கு மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது. வேலையிலிருந்து இரண்டு முதல் நான்கு வார மருத்துவ விடுப்பு தேவைப்படலாம். அதன்பிறகும் கம்பி பல மாதங்கள் தொடரும். மொத்தத்தில் இது இரண்டு, மூன்று ஆண்டுப் பயணம்.

செலவு

சிங்கப்பூரில் மருத்துவக் காரணத்துக்காகச் செய்யப்படும் பல், தாடை அறுவைக்கு மெடிசேவ் பணத்தை வரம்புக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். அழகுக்காக மட்டும் செய்யப்படும் அறுவைக்கும் பல் கம்பிக்கும் அதைப் பயன்படுத்த முடியாது. கம்பிக்கான செலவு, அறுவைக்கான செலவு இரண்டையும் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. பலதுறை மருந்தகத்தின் மூலம் தேசியப் பல் மருத்துவ நிலையம் போன்ற பொது நிலையங்களுக்குச் சென்றால் கட்டணக் கழிவு கிடைக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ளலாம்.

கேட்கவேண்டியவை

கம்பி போடும் முன், பல் சீரமைப்பு நிபுணர், தாடை அறுவை சிகிச்சை நிபுணர் இருவரையும் சந்திக்கவேண்டும். ஒருவரை மட்டும் பார்த்துத் தொடங்கிவிடக்கூடாது. அவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்: எனக்கு அறுவை சிகிச்சை இல்லாமல் முடியுமா? முடிந்தால் எதை இழப்பேன்? ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? உதடு மரத்துப்போகும் வாய்ப்பு என் வயதில் எவ்வளவு? பாதியில் நிறுத்தினால் என் நிலை என்ன?

கடைசிக் கேள்வியை நோயாளி தம்மிடமே கேட்டுக்கொள்ளவேண்டும்: ‘இது எனக்காகவா, அடுத்தவர் வாய்க்காகவா?’ பெற்றோர் துணை நிற்கலாம், பணம் கட்டலாம், கஞ்சி அரைத்துக் கொடுக்கலாம். மரத்த உதட்டுடன் வாழவேண்டிவந்தால் வாழப்போகிறவர் அவர்தான். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு ‘வேண்டாம்’ என்று சொல்வதும் சரியான முடிவுதான். அதைக் கம்பி போடும் முன்பே சொல்லிவிடவேண்டும், அவ்வளவே.